சுத்தச் சர்க்கரை தோற்ற நாள்

லீலாவதி பதினோரு வருஷமாக ஒரு சின்னக் கண்ணாடித் துளை வழியாகச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெல்லியில், சுங்க இலாகாவின் ஆய்வகம் ஒன்றில் அவளுக்கு வேலை. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, நீளமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மஞ்சள் விளக்குக்கு முன்னால் வைப்பார்கள். சர்க்கரைத் தண்ணீருக்கு வெளிச்சத்தை ஒரு பக்கமாகத் திருப்பிவிடும் குணம் உண்டு. எவ்வளவு சுத்தமோ அவ்வளவு திருப்பும். துளையில் கண்ணை வைத்தால் ஒரு வட்டம் தெரியும், பாதி வெளுப்பு, பாதி இருட்டு. திருகைத் திருகித் திருகி இரண்டு பாதியும் ஒரே நிறமாகும் இடத்தில் நிறுத்தி, அளவுகோலைப் படிக்க வேண்டும். நூறு என்றால் கலப்பே இல்லாத சர்க்கரை.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் இரண்டு பாதியும் ஒரே நிறமாகிவிட்டது என்று எந்தக் கண் எப்போது ஒப்புக்கொள்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே குழாயை நாலு பேர் பார்த்தால் நாலு கணக்கு வரும். லீலாவதி நாலு தடவை பார்த்தாலும் ஒரே கணக்குத்தான் வரும். "அந்தம்மா கையெழுத்துப் போட்டாச்சா, அப்புறம் பேச்சில்லை" என்று பம்பாய் வரைக்கும் பெயர். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. அதை அவள் மறைத்ததும் இல்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் நாட்டில் சர்க்கரை மலை மலையாகக் குவிந்து கிடந்தது. வெளிநாட்டிலோ விலை பாதாளத்தில் விழுந்திருந்தது. கப்பலில் ஏற்றினால் ஆலைக்காரனுக்கு நஷ்டம். ஏற்றாவிட்டால் கிடங்கிலேயே கட்டிதட்டிப் போகும். அதனால் நஷ்டத்தை ஈடுகட்ட அரசாங்கம் மானியம் கொடுத்தது. கொடுப்பதற்கு ஒரு விதியும் வைத்தது: சர்க்கரை 99.5க்குக் குறையக் கூடாது. துறைமுகத்தில் மூட்டையிலிருந்து மாதிரி எடுத்து மூன்று பாட்டிலில் அடைத்து அரக்கு முத்திரை வைப்பார்கள். ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று சுங்க அலுவலகத்துக் கிடங்குக்கு, ஒன்று ஆலைக்காரனுக்கு. ஆய்வகத்தில் 99.5க்குக் கீழே வந்தால் மானியம் கிடையாது. அதோடு, சுங்கத்தில் பொய் உறுதிமொழி கொடுத்தவர் என்று ஆலையின் பேரில் வழக்கும் விழும்.

அந்த வருஷம் மே மாதத்திலிருந்து லீலாவதி பார்த்த மாதிரிகளில் பதினோரு ஆலைகள் தோற்றன. இத்தனை ஆலைகள் மொத்தமாகத் தோற்றதை அவள் அதுவரை பார்த்ததில்லை. மானியத்துக்கு ஆசைப்பட்டு அழுக்குச் சர்க்கரையைத் தள்ளிவிடுகிறார்கள் என்று அமைச்சகத்தில் பேசிக்கொண்டார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம். வெளியே லூ என்கிற வடநாட்டுக் கோடைக்காற்று அனலாய் வீசிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய லீலாவதி, ஆய்வக வாசலில் காவல்காரர் யாரையோ விரட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, வேட்டி, கையில் துண்டால் சுற்றிய ஒரு பொட்டலம். நாற்பது வயது இருக்கும். காவல்காரர் ஹிந்தியில் கத்த, அந்த மனிதர் தமிழில் நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் மற்றவர் சொன்னது ஒரு சொல்லும் புரியவில்லை.

"என்னங்க வேணும்?" என்று கேட்டாள்.

தமிழைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "இங்க சர்க்கரை பாக்கறவங்களப் பாக்கணுமுங்க."

"நான்தான் பாக்கறவ. எந்த ஊருங்க?"

"பரமத்திப் பக்கமுங்க. பேரு ரத்தினவேல். கூட்டுறவு ஆலையில கெமிஸ்ட்டா இருக்கேன்."

லீலாவதிக்குச் சொந்த ஊர் பவானி. இரண்டு ஊருக்கும் ஒரே காவிரிதான். ஆனால் அதற்குள் ஆலையின் பெயரைச் சொல்லிவிட்டார். பதினொன்றில் ஒன்று. ஏழாம் நம்பர். 99.28. அவள் முகம் இறுகியது.

"அந்த ரீடிங் உங்களுதுங்களா?" என்று ரத்தினவேல் கேட்டார்.

"ஆமா. என்னுதுதான்."

"எங்க ஆலையில ஏ.சி. ரூம்ல வச்சு நான் பாத்தப்ப 99.8 வந்துதுங்க. மூணு தடவ பாத்தேன்."

"நானும் மூணு தடவ பாத்தனுங்க. மூணு தடவையும் 99.28."

அவர் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் லீலாவதி அதோடு உள்ளே போயிருப்பாள். துண்டைப் பிரித்து உள்ளேயிருந்த பாட்டிலைக் காட்டினார். ஆலைக்கென்று கொடுத்த மூன்றாவது பாட்டில். அரக்கு முத்திரை கீறல் இல்லாமல் இருந்தது. "ஜி.டி. எக்ஸ்பிரஸ்ல ரெண்டு ராத்திரியும் மடியிலயே வச்சிருந்தேனுங்க. மானியம் போனாப் போகுது, அது கவர்மெண்டு பணம், குடுத்தாக் குடுக்குது. ஆனா பொய் சொன்னவங்கன்னு எழுதியிருக்காங்க. நாலாயிரம் பேரு கரும்பு போடற ஆலைங்க அது. அந்தப் பேப்பர ஊருக்குள்ள எப்பிடிங்க கொண்டுபோய்க் காட்டறது?"

"நான் பாத்தத மாத்தி எழுத முடியாதுங்க" என்றாள் லீலாவதி.

"மாத்தச் சொல்லலீங்க. இன்னொருக்காப் பாருங்கன்னு கேக்கத்தான் வந்தேன்."

அவள் உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் புருஷன் செல்வராஜிடம் பொரிந்து தள்ளினாள். செல்வராஜ் ரயில்வே போர்டில் ஸ்டெனோ. காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"என் கண்ணச் சந்தேகப்படறாருங்க. பதினோரு வருஷத்துல ஒருத்தரும் கேட்டதில்ல."

"கேட்டுட்டாருல்ல. பாத்துட்டு மூஞ்சியில அடிச்ச மாதிரிச் சொல்லிரு."

"எதப் பாக்கறது? எங்களுக்கு வந்தது தீந்துபோச்சு. அவங்க பாட்டில ஆர்டர் இல்லாமத் தொடக் கூடாது."

"உங்க ஆபீஸ்ல வேற சர்க்கரையே இல்லியா?"

இருந்தது. கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஆய்வகத்தில் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் கலப்பே இல்லாத சுத்தச் சர்க்கரை வைத்திருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து தருவித்தது. கருவியில் அது காட்ட வேண்டியது நூறு. ஜனவரியில் அவளே பார்த்து நூறு என்று பதிந்திருந்தாள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கே லீலாவதி ஆய்வகத்துக்குப் போய்விட்டாள். தன் கண் சரி என்று நிரூபிக்கத்தான் போனாள். சுத்தச் சர்க்கரையை நிறுத்து, கரைத்து, குழாயில் ஊற்றிப் பார்த்தாள். 99.7.

அவளுக்குச் சுருக்கென்றது. குழாயைக் கழுவித் துடைத்து மறுபடி கரைத்துப் பார்த்தாள். அதே 99.7. ஒன்பது மணிக்குச் சகாக்கள் வந்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு, ஆய்வகத்துத் தகரக் கூரை கொதிக்கிற நேரத்தில், அதே புட்டியிலிருந்து இன்னொரு முறை எடுத்துப் பார்த்தாள். மஞ்சள் வட்டத்தின் இரண்டு பாதியும் ஒன்றாகும் இடத்தில் கையை எடுத்துவிட்டு அளவுகோலைப் படித்தாள்.

99.43.

விதிப்படி 99.5க்குக் குறையக் கூடாது. உலகத்திலேயே சுத்தமான சர்க்கரை அந்த விதியில் தோற்றுப்போயிருந்தது.

சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்தாள். முப்பத்தொன்பது டிகிரி. காலையில் முப்பது. அப்போதுதான் கோயமுத்தூர்க் கல்லூரியில் படித்தது ஞாபகத்துக்கு வந்தது. சூடு ஏற ஏறச் சர்க்கரைத் தண்ணீர் வெளிச்சத்தைத் திருப்புவது குறையும். இருபது டிகிரிக்குத்தான் நூறு. படித்திருக்கிறாள், பரீட்சையில் எழுதியும் இருக்கிறாள். பத்து வருஷமாக அது ஏன் உறைக்கவில்லை என்றால், பத்து வருஷமும் ஏற்றுமதி மாதிரிகள் குளிர்காலத்தில்தான் வந்தன. கரும்பு அரைத்து முடிவதும் கப்பல் கிளம்புவதும் பிப்ரவரிக்குள். டெல்லி பிப்ரவரியில் ஆய்வகம் தானாகவே இருபது டிகிரியில் இருக்கும். இந்த வருஷம் சர்க்கரை மிஞ்சியதால் கோடையிலும் கப்பல் போனது. விதியில் சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை. ஆனால் தன் சொந்த நோட்டில் ஒவ்வொரு ரீடிங்குக்குப் பக்கத்திலும் வழக்கமாக வெப்பநிலையைக் குறித்து வைத்திருந்தாள். ஏழாம் நம்பருக்குப் பக்கத்தில் 38 என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது.

இருபதுக்கு மேலிருந்த பதினெட்டு டிகிரிக்கும், டிகிரிக்கு 0.03 வீதம் கூட்டிப் பார்த்தாள். 99.28 என்பது 99.82 ஆனது.

அவளுடைய கண் தவறவில்லை. ஆனால் அவள் கையெழுத்துப் போட்ட காகிதம் தவறு.

ஆய்வகத் தலைவர் ராஜாராமனுக்கு ஓய்வுபெற மூன்று வருஷம் இருந்தது. கும்பகோணத்துக்காரர், கோப்பில் ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் திருப்பி அனுப்புகிறவர். லீலாவதி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"விதியில டெம்பரேச்சர் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப நீ பார்த்தது விதிப்படி சரி. கருவி காட்டினதைத்தான் எழுதினே."

"கருவி காட்டினது சரிதான் சார். அதுல இருந்து நாம சொன்னதுதான் தப்பு. ஆலைக்காரங்கள பொய்யர்னு சொல்லியிருக்கோம்."

"நாம சொல்லலை. அமைச்சகம் சொல்றது."

"என் கையெழுத்த வச்சுத்தான் சார் சொல்றாங்க."

ராஜாராமன் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "இதோ பாரும்மா. நீ இதை ஆபீஸ் நோட்டா எழுதினா அதுல பதினோரு ரிப்போர்ட் தப்புன்னு நீயே ஒத்துக்கறே. ஆகஸ்ட்ல புரமோஷன் லிஸ்ட் வரது. உன் பேர் ரெண்டாவதா இருக்கு. அடுத்த மாசம் மழை வந்துடும், சூடு தணிஞ்சுடும், எல்லாம் தானா சரியாயிடும். யோசிச்சுக்கோ."

லீலாவதி யோசித்தாள். பஸ்ஸில் போகும்போதும் யோசித்தாள், இராத்திரி மொட்டைமாடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டும் யோசித்தாள். செல்வராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"எழுதுனா என்ன ஆகும்?"

"புரமோஷன் போகும். மெமோ வரும்."

"எழுதாட்டி?"

"ஒண்ணும் ஆகாது. அந்தத் துளையில கண்ண வைக்கறப்பெல்லாம் இது ஞாபகம் வரும்."

செல்வராஜ் வானத்தைப் பார்த்தபடி கிடந்தான். "கையில எழுதிக் குடு. காத்தால நான் போர்டுக்குச் சீக்கிரம் போய் டைப் அடிச்சுத் தாரேன்" என்றான்.

நோட் இரண்டே பக்கம். பதினோரு ரிப்போர்ட்டின் எண், அன்றைய வெப்பநிலை, அவள் எழுதிய ரீடிங், இருபது டிகிரிக்குத் திருத்தினால் வரும் ரீடிங். கடைசியில் ஒரு வாக்கியம்: வெப்பநிலையைத் திருத்தாமல் முடிவு எழுதியது என் தவறு, இதற்கு நானே பொறுப்பு. திருத்திய பிறகும் இரண்டு ஆலைகள் 99.5க்குக் கீழேயே இருந்தன. அதையும் மறைக்காமல் எழுதியிருந்தாள்.

ராஜாராமன் நோட்டை இரண்டு முறை படித்தார். ஒரு காற்புள்ளியையும் திருத்தவில்லை. எழுந்து புத்தக அறைக்குப் போனார். அரை மணி கழித்துச் சட்டையெல்லாம் தூசியாக ஒரு தடித்த பழைய புத்தகத்தோடு வந்து, லீலாவதியின் மேஜையில் வைத்து, ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். வெள்ளைக்காரன் காலத்துச் சுங்கக் கையேடு. ஜாவாச் சர்க்கரை கப்பல் கப்பலாக வந்து இறங்கிய நாளில், எதற்கு எவ்வளவு வரி என்று தீர்மானிக்க எழுதியது. அங்கேயும் அதே 99.5. ஆனால் பக்கத்தின் அடியில், எறும்பு போன்ற எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: இந்த அளவு இருபது டிகிரிக்கு, அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.03 கூட்டுக.

"மானிய விதியை டைப் பண்றச்சே மேல இருக்கறதை எடுத்துண்டு, கீழ இருக்கறதை விட்டுட்டா" என்றார் ராஜாராமன். "என் கையால வந்த டிராஃப்ட்தான் அது. நானும்தான் பார்க்கலை."

நோட்டின் கீழே 'நான் ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அமைச்சகத்திலிருந்து சோப்ரா என்ற அதிகாரி வந்தார். பஞ்சாபி, எதையும் லேசில் நம்பாதவர். மானியக் கோப்பு முழுக்க அவர் கையில்தான் இருந்தது. வெயில் அடித்ததால் சர்க்கரை கெட்டது என்கிற கதையை நான் மந்திரியிடம் போய்ச் சொல்ல முடியாது, என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆலைக்காரர் இருந்தால்தான் அவருடைய முத்திரையை உடைக்க முடியும். அதனால் ரத்தினவேலுக்கு ஆள் போனது. மனிதர் ஒன்பது நாளாகக் கரோல் பாக்கில் ஒரு மெஸ் மாடியில் தங்கியிருந்தார்.

சோதனைக்குக் குறித்த நாள் காலை செல்வராஜ் சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஐஸ் கட்டி வாங்கி, மரத்தூளில் புதைத்து, சாக்கில் சுற்றி, ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு ஆபீஸ் போனான்.

சோப்ரா தன் கையாலேயே பாட்டிலின் அரக்கை உடைத்தார். லீலாவதி சர்க்கரையை நிறுத்துக் கரைத்துக் குழாயில் ஊற்றினாள். அறைச் சூடு முப்பத்தெட்டு. அவள் பார்த்து 99.3 என்றாள். சோப்ராவும் குனிந்து பார்த்தார். அவருக்கு 99.2 வந்தது.

"தோற்றுவிட்டதே" என்றார் சோப்ரா. ரத்தினவேல் சுவரோரமாகக் கை கட்டி நின்றுகொண்டிருந்தார். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தாலும், அந்தக் கணக்கு அவருக்குப் புரிந்தது.

லீலாவதி ஒரு தகரத் தொட்டியில் ஐஸைப் போட்டு, தண்ணீரை இருபது டிகிரிக்குக் கொண்டுவந்தாள். அதே பாட்டிலிலிருந்து மறுபடி சர்க்கரையை நிறுத்துக் கரைத்து, அந்தக் குளிர்ந்த தண்ணீருக்குள் குடுவையை நிறுத்தி அளவு சரிபார்த்து, குழாயையும் அதிலேயே ஊற வைத்து எடுத்துத் துடைத்து வைத்தாள். இந்தத் தடவை அவள் பார்க்கவில்லை. "நீங்களே முதலில் பாருங்கள்" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

சோப்ரா குனிந்தார். திருகை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருகினார். நிமிர்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"99.8."

"எனக்கும் அதுதான் வருகிறது" என்றாள் லீலாவதி.

"ஐஸ் ஏதாவது மாயம் செய்கிறதோ?"

அந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். குழாயை அப்படியே கருவியில் விட்டுவைத்தாள். எல்லோருக்கும் டீ வந்தது. டீ குடித்து முடிப்பதற்குள் குழாய் அறைச் சூட்டுக்கு ஏறிவிட்டது. சோப்ரா மறுபடி பார்த்தார். கீழே இறங்கியிருந்தது. கடைசியாக, பழுப்புப் புட்டியைத் திறந்து சுத்தச் சர்க்கரையையும் அந்தச் சூட்டிலேயே பார்க்கச் சொன்னாள். அதுவும் 99.5ஐத் தொடவில்லை.

சோப்ரா ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். "அச்சா. அப்படியென்றால் நம்முடைய விதி ஜனவரியில் ஒரு நியாயம் சொல்கிறது, ஜூனில் ஒரு நியாயம் சொல்கிறது." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு லீலாவதியைப் பார்த்தார். "இதை நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தெரியுமா?"

"தெரியும்" என்றாள் லீலாவதி.

போகும்போது சோப்ரா ரத்தினவேலின் கையைப் பிடித்துக் குலுக்கி ஹிந்தியில் ஏதோ சொன்னார். ரத்தினவேல் லீலாவதியைப் பார்த்தார்.

"உங்க சர்க்கரை நல்ல சர்க்கரைன்னு சொல்றாருங்க."

"அது எங்களுக்குத் தெரியுமுங்க" என்றார் ரத்தினவேல். துண்டை மடித்துக்கொண்டே, "உங்க கண்ணும் நல்ல கண்ணுங்க. நான் அன்னைக்கு வாசல்ல சொன்னதத் தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

"நீங்க கேக்காட்டி நான் பாத்திருக்க மாட்டனுங்க" என்றாள்.

ஜூலை நடுவில், மழை பிடித்துக்கொண்ட பிறகு உத்தரவு வந்தது. ஒன்பது ஆலைகளின் மேலிருந்த வழக்கு வாபஸ். மானியம் உண்டு. இரண்டு ஆலைகளுக்கு இல்லை. விதியில் இருபது டிகிரி என்ற சொற்களைச் சேர்த்திருந்தார்கள். அதே தபாலில் லீலாவதிக்கும் ஒரு மெமோ வந்தது. இனிமேல் கவனமாக இருக்கும்படி எச்சரிக்கப்படுகிறார். ஆகஸ்ட் புரமோஷன் லிஸ்டில் அவள் பெயர் இல்லை.

"அப்பீல் பண்ணலாமே" என்றான் செல்வராஜ்.

"எதுக்குங்க? தப்பு நடந்தது நெசம். நான் எழுதினதும் நெசம். ரெண்டும் ஃபைல்லயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு மெமோவை மடித்து, தன்னுடைய பி.எஸ்ஸி. சர்டிபிகேட் இருந்த உறையிலேயே போட்டு வைத்தாள். அதை அங்கே வைக்க அவளுக்குக் கூச்சமாக இல்லை.

செப்டம்பரில் ஒருநாள் தூரத்துத் துறைமுக ஆய்வகம் ஒன்றிலிருந்து டிரங்கால் வந்தது. ராஜாராமன் எடுத்தார். புது விதிப்படி எப்படித் திருத்துவது, குழாயை எவ்வளவு நேரம் ஊற வைப்பது என்று கேட்டார்கள். ராஜாராமன் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்தி, போனை லீலாவதி பக்கம் நீட்டினார்.

"நீயே சொல்லும்மா. உன் கணக்குத்தானே."

கொரகொரவென்று இரைச்சல். லீலாவதி கத்திக் கத்திச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் யாரோ ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்கள். முடித்ததும், யார் பேசுவது, குறித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்கள்.

அவள் தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். இரைச்சலில் சரியாக விழுந்ததோ இல்லையோ என்று இன்னொரு முறையும் சொன்னாள்.